அடைத்த பல்லின் வலி: இப்னு சீனாவும் ஸஹ்ராவியும்

பல்லில் விழுந்த குழியை அடைத்துவிட்டால் நோய் தீர்ந்தது என்று கருதுவது மக்கள் வழக்கு. ஆயின், அடைத்த அதே பல் சில காலம் கழித்து மீண்டும் வலிப்பதைப் பலரும் அறிவர். அடைப்பின் ஓரத்தில் புதிய சொத்தை விழுந்திருக்கலாம். பல்லில் கீறல் ஓடியிருக்கலாம். அடைப்பு சற்று உயர்ந்து நின்று கடிக்கும்போது அழுத்தலாம். உள்ளிருக்கும் பற்கூழ் முன்னரே அழன்று போயிருக்கலாம். கடினமான சுவருக்குள் சிறைப்பட்ட அவ்வழற்சிக்கு வெளியேற வழியில்லை என்பதே வலியின் கடுமைக்குக் காரணம் என இன்றைய மருத்துவம் கூறும். அரபு மருத்துவ நூல்களில் இவ்விளக்கம் இல்லை. எனினும், அடைப்பு வேறு, குணம் வேறு என்ற தெளிவு அவற்றில் உண்டு.

ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு சீனா, தமது 'அல்கானூன் ஃபித் திப்' நூலின் மூன்றாம் பாகத்தில் பற்களுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியுள்ளார். பல் அரிப்புக்கான சிகிச்சையின் நோக்கம், அரித்தது மேலும் பரவாமல் தடுப்பதே என்கிறார் அவர். அதற்கு முதலில் கெட்டுப்போன பகுதியை நீக்க வேண்டும். பின்னரே அடைக்க வேண்டும். மஸ்தகீ எனும் பிசின், கோரைக்கிழங்கு, கற்பூரம் போன்றவை அடைக்கும் பொருள்கள். இங்கே அவர் சேர்க்கும் எச்சரிக்கையே நம் கவனத்திற்குரியது: அடைப்பதை மென்மையாகச் செய்க; வலிந்து திணித்தால் வலி மிகும். நுண்ணிய துளைகருவியால் பல்லைத் துளைத்து, உள்ளே தேங்கியது வெளிவரவும் மருந்து உட்புகவும் வழிசெய்யும் முறையையும் அவர் குறிப்பிடுகிறார்.

இவற்றைக் கொண்டு, இன்றைய பல் மருத்துவம் முழுவதையும் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவது ஆராய்ச்சியாகாது. சொத்தைக்குப் புழுவே காரணம் என்ற பழைய கொள்கையை இப்னு சீனாவும் ஏற்றிருந்தார். குரோசாணி ஓமம், வெங்காயம், லீக் எனும் பூண்டினம் ஆகியவற்றின் விதைகளைக் கொழுப்பில் பிசைந்து புகையிடச் சொல்கிறார். இந்நம்பிக்கையை வைத்தே தெருவோர வைத்தியர் பிழைத்தனர். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் ஏமாற்றுக்காரர்களின் தந்திரங்களைத் தொகுத்து எழுதிய அல்ஜவ்பரீ, பல்லிலிருந்து புழு எடுப்பதாய்க் காட்டுவோரின் கைச்சாலத்தையும் விட்டுவைக்கவில்லை. ஐரோப்பாவில் 1728இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் புழுக் கொள்கையை மறுத்தார்.

குர்துபாவை அடுத்த ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அல்ஸஹ்ராவி (மறைவு கி.பி. 1013 அளவில்) கைத்தொழில் அறிந்தவர். 'அத்தஸ்ரீஃப்' என்னும் அவரது நூலின் முப்பதாம் மகாலா அறுவை மருத்துவத்திற்கே உரியது. வலிக்கும் பல்லுக்கு அவர் கூறும் சூட்டுமுறைகளுள் ஒன்று எளியது: பசு வெண்ணெயைக் காய்ச்சி, கம்பி முனையில் சுற்றிய பஞ்சை அதில் தோய்த்து, வலிக்கும் பல்லின்மேல் ஆறும்வரை வைத்தல். மற்றொன்று, அண்டை உறுப்புகள் வேகாதபடி குழாயொன்றைப் பொருத்தி, அதனூடே பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் செலுத்துதல். நோயாளி பட்டிருக்கக்கூடிய வேதனையை எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது!

இத்துணை துணிவுள்ளவர் பல்லைப் பிடுங்குவதில் மட்டும் தயங்குகிறார். பல் மேன்மையான உறுப்பு; பிடுங்கிவிட்டால் அதற்கு ஈடில்லை; ஆகவே எல்லா வழிகளையும் முயன்று பார்த்து, பிடுங்குவதைத் தள்ளிப்போடுக என்கிறார். வேறு வழியில்லையெனில், வலிப்பது எந்தப் பல் என்று உறுதிசெய்த பின்னரே கை வைக்க வேண்டும். வலி நோயாளியை ஏமாற்றும். நல்ல பல்லைக் காட்டி அதைப் பிடுங்கச் செய்வார். வலியோ, நோயுற்ற பல் நீங்கும்வரை நில்லாது. இரத்தம் குத்தி எடுக்கும் ஹஜ்ஜாம்களின் கையில் இத்தகைய தவறு நேர்வதைத் தாம் கண்டிருப்பதாகவும் பதிவு செய்கிறார்.

அடைத்த பல் வலிக்கும்போது இவ்வெச்சரிக்கை இன்றும் அப்படியே பொருந்தும். பற்கூழின் வலி, இருக்குமிடத்தை விட்டு அண்டைப் பல்லிலோ, கீழ்ப்பல்லுக்கு மாறாக மேற்பல்லிலோ, சில வேளை காதிலோ உணரப்படும். ரான்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பிறகு, பல்லுக்குள் எட்டிப்பார்க்க மருத்துவருக்கு வழி பிறந்தது. எனினும், படம் எடுப்பதோடு நில்லாமல், இன்றும் அவர் பல்லைத் தட்டியும் குளிர் காட்டியும் எந்தப் பல் என்பதைத் தேறிய பின்னரே அடைப்பைப் பிரிக்கிறார்.