உரிமை இருந்தது, கடதாசி இல்லை: விண்ட்ரஷ் தலைமுறையின் கதை

பிரித்தானியாவில் ஒரு வேலைக்குச் சேரப் போனால் முதலாளி முதலில் கேட்பது, "இங்க வேலை செய்ய உங்களுக்கு உரிமை இருக்கா? காட்டுங்கோ" எண்டுதான். அங்க படிக்கப் போன எங்கட நண்பர்கள் கனபேருக்கு இது பழகிப்போன விசயம். ஆனால் இந்தச் சோதனை, 40, 50 வருசம் அந்த நாட்டில் வாழ்ந்து உழைத்த ஆக்களையே வேலையை விட்டு வெளியே தள்ளியிருக்கிறது.

1948 ஜூன் 22ஆம் திகதி 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரித் துறைமுகத்தில் ஆட்களை இறக்கியது. அதில் 800இற்கும் மேற்பட்டோர் கரீபியன் தீவுகளில் இருந்து வந்தவர்கள். போருக்குப் பிந்திய பிரித்தானியாவுக்கு வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சட்டப்படியே வந்தார்கள். பிள்ளைகள் பலர் பெற்றோரின் கடவுச்சீட்டில் வந்தவர்கள். தனியாக ஒரு ஆவணமும் இல்லை.

1971இன் குடிவரவுச் சட்டம் 1973 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அங்கே குடியேறியிருந்த பொதுநலவாய நாட்டவர்கள் தொடர்ந்து இருக்கலாம் எண்டு அது சொன்னது. உரிமை கிடைத்தது. ஆனால் அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் கொடுபடவில்லை. யார் யாருக்கு அந்த உரிமை எண்ட பட்டியலையும் அரசாங்கம் வைத்திருக்கவில்லை.

கன காலம் இது ஒரு பிரச்சினையாகவே தெரியேல்லை. 1996இல் வந்த சட்டம், உரிமை இல்லாதவரை வேலைக்கு வைப்பதை முதலாளியின் குற்றமாக்கியது. 2008 முதல் அதற்குத் தண்டப்பணம் வந்தது. 2014இல் அது ஒரு ஆளுக்கு 20,000 பவுண்ஸ் வரை ஏறியது. 2024இல் முதல் தடவைக்கே 45,000 பவுண்ஸ் வரை.

சோதனை நடக்கிற விதம் லேசானது. வேலை தொடங்க முதல் ஆவணத்தைப் பார்க்க வேண்டும், படத்தையும் திகதிகளையும் சரிபார்க்க வேண்டும், பிரதி எடுத்துத் திகதியிட்டு வைக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்த முதலாளிக்குப் பிறகு ஏதும் பிழை தெரிய வந்தாலும் தண்டம் இல்லை. செய்யாதவருக்குப் பெரிய ஆபத்து. அப்ப, கடதாசி இல்லாத ஒருவர் முன்னால் வந்து நிண்டால் முதலாளி என்ன செய்வார்? "வேண்டாம்" எண்டு அனுப்புவதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

அப்படித்தான் நடந்தது. பல தசாப்தங்களாக வரி கட்டியவர்கள் வேலை இழந்தார்கள். நிரூபிக்கப் போனவர்களிடம் வாழ்ந்த ஒவ்வொரு வருசத்துக்கும் ஆதாரம் கேட்டது உள்துறை அமைச்சு. அதே அமைச்சுதான் 2010இல் பழைய வருகை அட்டைகளை அழித்திருந்தது. குறைந்தது 83 பேர் பிழையாக நாட்டை விட்டு அனுப்பப்பட்டதாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. 2018 ஏப்ரலில் பிரதமர் தெரேசா மே மன்னிப்புக் கேட்டார். உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார்.

அந்த 1948ஐ எங்களுக்கும் தெரியும். அதே ஆண்டுதான் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்தவர், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் எண்டு காட்டச் சொன்னது அது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர் எந்தப் பத்திரத்தைக் கொண்டு வருவார்? மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். இங்கே சட்டமே உரிமையைப் பறித்தது. அங்கே சட்டத்தில் உரிமை அப்படியே இருந்தது, கையில் கடதாசி இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் நிரூபிக்கிற பாரம் விழுந்தது, ஆவணம் ஆகக் குறைவாக இருந்தவர்களின் தலையில்.

படிவத்தில் ஒரு திகதி பிழைத்தால் திருத்தலாம். பதிவு வைக்க வேண்டிய அரசாங்கமே வைக்காமல் விட்ட பிழையை, கடதாசி இல்லாத தொழிலாளியால் எப்படித் திருத்த முடியும்?