தோளுக்கு வந்த கமரா

ஊர் சுற்றப் போகிறவர் தமது கமராவை எந்தப் பையில் போட்டுக்கொண்டு போவது என்பது ஓர் இலக்கியத் தொடரில் பேசத்தக்க பொருள்தானா என்று சிலர் எண்ணலாம். பேசத்தக்கதுதான். கமராவைச் சுமந்தவர் யார் என்ற வினா அதற்குள் கிடக்கிறது. அந்த வினா ஹாலிஎலத் தோட்டங்களுக்கும் மிக நெருக்கமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் படம் பிடிப்பதென்றால் அது ஒரு சிறு படையெடுப்பு. கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, ஈரம் காயுமுன் கமராவில் வைத்துப் படமெடுத்து, அந்த ஈரம் இருக்கும்போதே இருட்டில் கழுவவும் வேண்டும். சுமார் கால்மணி நேரத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். ஆகவே இருட்டறையும் கூடவே பயணம் செய்தது. கூடாரம், கண்ணாடிப் பெட்டிகள், மருந்துப் போத்தல்கள், முக்காலி, தண்ணீர் என்று சுமை நீளும். சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1863இல் சிம்லாவிலிருந்து இமயமலைக்குள் புறப்பட்டபோது ஏறத்தாழ 30 பேர் அவருடைய சாமான்களைச் சுமந்தனர். 1866இல் அவர் 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் நின்று படமெடுத்தார். பாதியில் சுமையைப் போட்டுவிட்டு ஓடியவர்களையும், தாம் தடியெடுத்து அடித்ததையும் அவரே கூச்சமின்றி எழுதி வைத்திருக்கிறார். படங்கள் அழகானவை; அதை மறுக்க முடியாது. சுமந்தவர்களின் பெயர்களை மட்டும் அவற்றில் தேடக்கூடாது.

இலங்கையிலும் கதை இதுதான். 1870-71இல் ஜோசப் லோட்டன் அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் சிகிரியாவையும் படமாக்கினார். இங்கிலாந்தில் புகழ்பெற்றிருந்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் தமது கனத்த கருவியோடு வந்து, தோட்டத்து ஆட்களையும் கிராமத்தவரையும் படம் பிடித்து, 1879இல் இந்த மலைநாட்டிலேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அக்காலத்தில் ஊவாவுக்கு வருவதே பெரும்பாடு. புகையிரதம் நானுஓயாவுக்கு 1885இல் வந்தது. பண்டாரவளைக்கு 1894இல் வந்தது. ஹாலிஎலயைக் கடந்து பதுளையைத் தொட்டபோது ஆண்டு 1924. அதற்கு முன்பு இந்தச் சரிவுகளில் ஏறிய பெட்டிகள் பலவும் மாட்டின் உதவியாலோ மனிதத் தோளிலோ ஏறியிருக்கும்.

பதுளைக்கு ரயில் வந்த மறு ஆண்டு, 1925இல், ஜேர்மனியின் லைப்சிக் சந்தையில் லைக்கா என்ற சின்னக் கருவி விற்பனைக்கு வந்தது. அதை ஆக்கிய ஒஸ்கார் பார்னாக் ஆஸ்துமா நோயாளி. பெரிய கமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற அவருக்கு மூச்சு இடங்கொடுக்கவில்லை. சினிமாப் பிலிமையே எடுத்து, சட்டைப் பைக்குள் அடங்கும் கருவியொன்றைச் செய்தார். மூச்சுத் திணறியவர் ஒருவர் உலகத்துச் சுமைகாரரை எல்லாம் விடுவித்தார் என்றால் மிகையாகத் தோன்றலாம். ஆனாலும் எனக்கு அப்படிச் சொல்லவே பிடிக்கிறது. நம் நாட்டு லயனல் வென்ற் (1900-1944) கையாண்ட கருவிகளில் லைக்காவும் ஒன்று.

கருவி சிறுத்ததும் பை முக்கியமாயிற்று. முதலில் தோலுறைகள், இறுகிய பெட்டிகள். 1970களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஜிம் டொம்கே, ஓடியோடி வேலை செய்கிறவனுக்குப் பெட்டி உதவாது என்று கண்டு, மெல்லிய கான்வஸ் பையொன்றை வடிவமைத்தார். இங்கிலாந்தில் பில்லிங்ஹாம் குடும்பத்தார் 1973இல் மீன்பிடிகாரருக்குப் பை தைக்கத் தொடங்கினர். சில ஆண்டுகளில், அப்பைகளைப் பெரிதும் வாங்குவோர் படப்பிடிப்பாளர்களே என்று தெரிய வந்தது. மீன்காரனுக்கும் படக்காரனுக்கும் தேவை ஒன்றே: மழைக்கு நனையக்கூடாது, கை உடனே உள்ளே போகவேண்டும்.

இந்தத் தேவையைக் கொழுந்து பறிக்கும் நம் பெண்களிடம் கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பார்கள். கூடையின் கயிறு தலையிலே. சுமை முதுகோடு ஒட்டி. இரண்டு கைகளும் கொழுந்துக்கு. கைகள் ஓயாமல் வேலை செய்கிறவருக்குச் சுமை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அதற்குக் கழுத்தும் இடுப்பும் கொடுக்கும் விலை வேறு கதை.

எனவே ஊவாப் பக்கம் இலேசாகப் பயணம் வருபவர் பையை இப்படித் தெரியலாம். வார் அகலமாக இருக்கட்டும்; ஒரு தோளில் தொங்கவிடாமல் மார்புக்குக் குறுக்கே போடத்தக்க நீளம் வேண்டும். பை தட்டையாக இருந்தால் நடக்கையில் இடுப்பில் இடிக்காது, ரயிலில் மடியிலும் அடங்கும். ஒரு கமரா, இரண்டு வில்லைகள் கொள்ளும் அளவு போதும். பை பெரிதானால் சாமானும் தானே பெருகும். மூடி முழுதாக மடிந்து விழவேண்டும், ஏனென்றால் வடகீழ்ப் பருவமழை இங்கே கேட்டுக்கொண்டு வருவதில்லை. தோற்பை பார்வைக்கு நன்று. ஆனால் நம் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அது வில்லைக்கும் தொற்றும். கான்வஸ் மேல். வீடு வந்ததும் கருவியைப் பைக்குள் மூடி வைக்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும்.

வெளிப்புறத்தில் ஒரு சிறு பொக்கற் அவசியம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தபாலட்டைகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் சிரித்துக்கொண்டிருக்கும் நம் பெண்களுக்குக் கீழே ‘கொழுந்து பறிப்பவள்’ என்றுதான் அச்சிடுவார்கள். தோட்டத்திலே ஒரு நாள் உழைப்புக்கே ‘பேர்’ என்று பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். செக்றோலில் தினமும் பேர் விழுந்தவளுக்குப் படத்தில் ஒரு பேர் இல்லை. ஆகையால் அந்தப் பொக்கற்றில் ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். படமெடுக்குமுன் சம்மதம் கேட்டு, எடுத்தபின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பதிவுக்காரர் பிழையாக எழுதிவிட்ட பெயர் ஒன்றும், வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்றுமாகச் சிலருக்கு இரண்டு இருக்கும். எதை எழுதுவது என்று அவரிடமே கேளுங்கள்.