ஆடியோ கேபிளும் ஒரு துளி ஈயமும்: ஒரு சின்ன வரலாறு

இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான சமாச்சாரம். சால்டரிங். அதுவும் ஆடியோ கேபிளுக்குப் பின் பத்த வைப்பது. "இதுல என்னடா வரலாறு இருக்கு?" என்று என் வகுப்பு மக்கள் கேட்பது இங்கேயே கேட்கிறது. இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சோகக் கதை.

கல்லூரி விழாவுக்கு முதல் நாள். நண்பனின் கீபோர்டு கேபிளில் பின் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. "நான் பத்த வச்சுத் தரேன்டா, கவலைப்படாதே" என்று வீரமாகச் சொன்னேன். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்று வாங்கி, ஈயத்தை உருக்கி, கம்பி மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். செருகிப் பார்த்தோம். சத்தம் வந்தது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் மேடையில் இரண்டாவது பாட்டு நடுவில் கேபிளை யாரோ லேசாக மிதித்தார்கள். கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் அவன் கட்டை மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். மூன்று மாதப் பயிற்சி. அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லீவில் ஊருக்குப் போனபோது அந்தக் கேபிளை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு ரேடியோ ரிப்பேர் அண்ணாச்சியிடம் போனேன். மூடியைக் கழற்றி ஒரு பார்வைதான் பார்த்தார்.

"ட்ரை சால்டர் தம்பி. நீ ஈயத்தைச் சுட்டிருக்கே. செம்பைச் சுடணும். செம்பு சுட்டா ஈயம் தானா ஓடி வந்து ஒட்டிக்கும்."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எவ்வளவு பழைய கதை இருக்கிறது என்று தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

காரீயமும் வெள்ளீயமும்

முதலில் ஈயம். தமிழில் இரண்டு ஈயம் உண்டு: காரீயம், வெள்ளீயம். வேடிக்கை என்னவென்றால், ரோமானியர்களும் இப்படியேதான் கறுப்பு ஈயம், வெள்ளை ஈயம் என்று பிரித்துச் சொன்னார்கள். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன பிளினி என்ற ரோம எழுத்தாளர், இரண்டு பங்கு கறுப்பு ஈயமும் ஒரு பங்கு வெள்ளை ஈயமும் சேர்த்த கலவையால் தண்ணீர்க் குழாய்களை ஒட்டுவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆக, நான் சொதப்பிய வேலையை மனிதர்கள் சுமார் 2000 வருஷத்துக்கு முன்பே ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்!

நம் ஊரிலும் இது புதிதல்ல. உலோகத்தை ஒட்டவைக்கும் பொருளுக்குப் 'பற்றாசு' என்று பழைய தமிழ்ச் சொல்லே இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடி தூவி, ஈயத்தை வைத்துத் துணியால் ஒரு இழுப்பு. பளபளவென்று ஆகிவிடும். கவனியுங்கள், அவரும் முதலில் சூடாக்குவது பாத்திரத்தைத்தான். நவச்சாரத்தின் வேலை, உலோகத்தின் மேலுள்ள ஆக்ஸைடு படலத்தை அரித்து எடுப்பது. அந்தப் படலம் இருந்தால் ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடும். சால்டரிங்கில் இதே வேலையைச் செய்வதைத்தான் ஃபிளக்ஸ் என்கிறோம். ஆனால் நவச்சாரமோ ஆசிடோ மின்சாரக் கம்பிக்கு ஆகாது. மிச்சம் தங்கி நாளடைவில் செம்பை அரித்துவிடும். அதனால்தான் ரேடியோ வேலைக்குப் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ரெசின் வந்தது. சூட்டில் வேலை செய்யும், ஆறினால் சாதுவாகிவிடும்.

வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் 232 டிகிரி செல்சியஸில் உருகிப் போய்விடும் (அப்புறம் அம்மாவிடம் நீங்கள் பட்ட பாடு!). அதோடு 100-க்கு 37 பங்கு காரீயம் சேர்த்தால் 183 டிகிரியிலேயே உருகும். ரேடியோக்காரர்களின் பழைய சால்டர் இதுதான்.

டெலிபோன் கொடுத்த பின்

இப்போது பின்னுக்கு வருவோம். கீபோர்டிலும் கிதாரிலும் செருகுகிறோமே, கால் அங்குலப் பின், அதாவது 6.35 மில்லிமீட்டர். அது இசைக்காகப் பிறந்ததே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பிறந்தது.

1878 ஜனவரி 28-ம் தேதி அமெரிக்காவின் நியூ ஹேவன் ஊரில் முதல் வணிகரீதியான டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. மொத்தம் 21 சந்தாதாரர்கள். சரியாக நான்கு வருஷம் கழித்து, 1882 ஜனவரி 28-ல், கல்கத்தா, பம்பாய், மதராஸ் எக்ஸ்சேஞ்சுகள் முறைப்படி திறந்துவைக்கப்பட்டன. அன்றைக்கு டயல் கிடையாது. ஆபரேட்டர்தான் ஒரு ஆளின் லைனை இன்னொரு ஆளின் லைனோடு கையால் இணைக்க வேண்டும். முதலில் பையன்களை வைத்தார்கள். அவர்கள் பேசுகிறவர்களிடமே வம்பு வளர்த்ததால் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 1878 செப்டம்பரில் பாஸ்டனில் வேலைக்குச் சேர்ந்த எம்மா நட் தான் முதல் பெண் ஆபரேட்டர்.

இவர்களுக்குச் சட்டென்று செருகி, சட்டென்று உருவ ஒரு சாதனம் தேவைப்பட்டது. சார்லஸ் ஸ்கிரிப்னர் என்ற எஞ்சினியர் உருவாக்கிய ஸ்பிரிங் வைத்த ஸ்விட்ச், பார்க்க மடக்குக் கத்தி மாதிரி இருந்தது. ஆங்கிலத்தில் மடக்குக் கத்திக்கு ஜாக் நைஃப் என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் 'ஜாக்' என்ற சொல். (ஆக, ஜாக் என்பது துளை இருக்கும் பக்கம். நாம் பின்னையே ஜாக் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்!) ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை செருகி உருவினாலும் தாங்கும்படி செய்த சாமான் அது. பின்னாளில் ஆம்ப்ளிஃபயர் செய்தவர்கள் கையில் கிடைத்த இந்தத் தரமான பின்னையே எடுத்துக்கொண்டார்கள். 1950-களில் லியோ ஃபெண்டரின் எலக்ட்ரிக் கிதார்கள் வந்தபோதும் அதே பின்தான்.

டெலிபோன் தந்த இன்னொரு சீதனம் முறுக்குக் கம்பி. டிராம் வண்டிகளும் மின்சார லைன்களும் வந்ததும் டெலிபோனில் ஒரே இரைச்சல். 1881-ல் கிரகாம் பெல் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி விடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் போய்விடும், பேச்சு மட்டும் மிஞ்சும். மேடை மைக்கில் இருக்கும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் கேபிளும் இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது. இந்த வகைப் பின் லாஸ் ஏஞ்சல்ஸின் கேனன் கம்பெனி கொண்டுவந்தது. நீண்ட காலம் இரண்டாம் முள்ளா, மூன்றாம் முள்ளா எது பாசிட்டிவ் என்று ஆளுக்கொரு வழக்கம் இருந்தது. 1992-ல் ஆடியோ எஞ்சினியர்கள் சங்கம் இரண்டாம் முள் என்று தரப்படுத்தியது. டிவிடி பிளேயரில் நாம் பார்த்த சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்னோ, 1930-களில் கிராமபோன் தட்டை ரேடியோவோடு இணைக்க வந்தது.

சாமானியர் கையில் அயர்ன்

1921-ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் தொடங்கிய எர்சா கம்பெனி மின்சார சால்டரிங் அயர்னைப் பெருமளவில் தயாரித்தது. ஆனால் சாதாரண ஆட்களுக்குச் சால்டரிங் சொல்லிக்கொடுத்த பெருமை அமெரிக்காவின் ஹீத்கிட்டுக்கே. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட உதிரி பாகங்கள் மலிவாகக் கிடைத்தன. ஹீத் கம்பெனி அதை வாங்கி 1947-ல் ஆசிலோஸ்கோப் கிட் விற்க ஆரம்பித்தது. பாகங்கள், கம்பி, கூடவே ஒரு கையேடு. ஒரு படி முடித்தால் ஒரு டிக் போட வேண்டும். பிறகு ஆம்ப்ளிஃபயர், ரேடியோ, டிவி வரை வந்தது. கடைக்காரரும் மாணவரும் அடுக்களை மேஜையில் உட்கார்ந்து பத்த வைத்தார்கள். ஐசி வந்து ரெடிமேட் சாமான் மலிவானதும் கிட்டுக்கு மதிப்புப் போனது. 1992-ல் ஹீத் கிட் விற்பனையை நிறுத்தியது.

இதற்கிடையில் பின்னும் மாறியது. 1979-ல் சோனி வாக்மேன் வந்தபின் 3.5 மில்லிமீட்டர் சின்னப் பின் உலகமெங்கும் பரவியது. அதோடு வந்தது ரப்பரில் வார்த்து மூடிய பின். மூடியைத் திருகித் திறக்கவே முடியாது. உள்ளே ஒரு கம்பி அறுந்தால் முழுக் கேபிளும் குப்பைக்கு. எக்ஸ்சேஞ்ச் காலத்துப் பின் ரிப்பேர் செய்வதற்காகவே செய்யப்பட்டது. இது தூக்கி எறிவதற்காக. அந்தச் சின்ன ஜாக்கையும் 2016-ல் ஐபோன் 7 கைவிட்டது.

ஈயமும் மாறிவிட்டது. காரீயம் உடலுக்கு விஷம். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய யூனியன் பெரும்பாலான மின்னணுச் சாமான்களில் அதைக் கட்டுப்படுத்தியது. வெள்ளீயத்தோடு 3 சதவீதம் வெள்ளியும் 0.5 சதவீதம் செம்பும் சேர்த்த சால்டர் அதற்குப் பதிலாகப் பரவியது. அது உருக 217 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பழைய ஈயத்தில் பழகிய கைக்கு இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். எந்த ஈயமானாலும் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரெசின் புகையை மூக்கில் ஏற்றாதீர்கள், ஆஸ்துமா வரவழைக்கும்.

மறுபடியும் அதே கேபிள்

அண்ணாச்சி கடை ஸ்டூலில் உட்கார்ந்து நான் கற்றது இவ்வளவுதான். பத்த வைப்பதற்கு முன்னாலேயே மூடியைக் கேபிளில் கோத்துவிட வேண்டும் (முதல் தடவை மறந்தேன், முழுவதும் பிரித்தேன், அண்ணாச்சி சிரித்தார்). கம்பி நுனிக்கும் பின்னின் காதுக்கும் தனித்தனியாக ஈயம் பூச வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்து, அயர்ன் முனையால் அந்த இடத்தைச் சுட்டு, மறுபக்கம் ஈயத்தைத் தொட வேண்டும். இரண்டு மூன்று விநாடி போதும். ஆறும் வரை ஆட்டக் கூடாது. நன்றாகப் பிடித்தால் ஈயம் சரிந்து படியும். உருண்டையாக நின்றால் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கேபிளின் மேல் தோலைக் கிளிப்பில் கவ்வ வைக்க வேண்டும், இழுவை ஈயத்தின் மேல் விழக் கூடாது. கடைசியில் மல்டிமீட்டர் வைத்து, கேபிளை ஆட்டி ஆட்டிப் பார்க்க வேண்டும்.

நான் அன்று செருகிப் பார்த்தேன், சத்தம் வந்தது, விட்டுவிட்டேன். ஆட்டிப் பார்க்கவில்லை. மேடையில் அதுதான் நடந்தது.

லீவு முடிந்து கேபிளை நண்பனிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்தான். கீபோர்டில் செருகினான். என்னைப் பார்த்துக்கொண்டே காலால் நாலு மிதி மிதித்தான். சத்தம் நிற்கவில்லை.

"இதை அன்னிக்கே பண்ணியிருக்கலாம்லடா" என்றான். கடைசியில் திட்டிவிட்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது.