தையல் போடாமல் குடலை ஒட்ட முடியுமா? தங்கமும் லேசரும்: ஒரு குட்டி வரலாறு

1/ அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பூந்தமல்லி... எந்தப் பக்கம் போனாலும் "லேசர் ஆபரேஷன்" போர்டு கண்ணில் படும். அதெல்லாம் வெட்டுற, சுடுற லேசர். ஒட்டுற லேசர்னு ஒண்ணு இருக்கு. அதோட கதைதான் இந்த த்ரெட்.

2/ முதல்ல எதுக்கு ஒட்டணும்? குடலில் ஒரு பகுதியை எடுத்துட்டு, ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கிறோம். அந்த இடம் கசிந்தால் கிருமிகள் வயிற்றுக்குள் பரவும், உயிருக்கே ஆபத்து. இது பழைய பயம். பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்க வைத்து, தலையை மட்டும் விட்டுவிட்டுக் குடலை மூடும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கு.

3/ 1979. சின்ன ரத்தக்குழாய்களை லேசரால் சரிசெய்ததை ஜெயின், கோரிஷ் இருவரும் வெளியிட்டார்கள். தத்துவம் நம்ம ஆட்டுக்கால் பாயாதான்! சூட்டில் கொலாஜன் குழைந்து விரலில் ஒட்டுதில்ல? அதே மாதிரி 60 டிகிரிக்கு மேல் கொலாஜன் இழைகள் அவிழ்ந்து, ஆறும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

4/ சிக்கல்: சூடு குறைந்தால் ஒட்டாது. கூடினால் பக்கத்துத் திசுவும் வெந்துடும். வெட்டின விளிம்பு மட்டும் சூடாகணும். அதுக்காக இண்டோசயனின் கிரீன் சாயம் தடவினார்கள். லேசர் பட்டதும் சாயமே வெளுத்தது.

5/ இங்கதான் தங்கம் வருது. மிக நுண்ணிய தங்கத்துகள் சிவப்பாகத் தெரியும்னு 1857-லேயே ஃபாரடே காட்டினார். துகளின் அளவையும் வடிவத்தையும் மாற்றினால், அது உறிஞ்சும் ஒளியும் மாறும். உடம்புக்குள் ஓரளவு ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும் துகளைச் செய்து, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2005-ல் எலியின் தோலை ஒட்டியது. 2013-ல் அரிசோனாவில் கௌஷல் ரேகே குழு, கிழிந்த பன்றிக் குடலை ஆய்வகத்தில் ஒட்டி, கசிவைத் தடுத்துக் காட்டியது.

6/ தையலில்லா ஒட்டு சென்னைக்குப் புதுசு இல்ல. 2007-ல் டாக்டர் அமர் அகர்வால் ஃபைப்ரின் பசையால் கண்ணில் லென்ஸை நிறுத்தினார். ஆனா ஓயாமல் அசையும் குடலுக்கு அந்தப் பசை மட்டும் போதாது.

7/ தங்க லேசர் ஒட்டு இன்னும் நம்ம ஆபரேஷன் தியேட்டருக்கு வரலை. உள்ளே தங்கும் தங்கம் நாளடைவில் என்ன செய்யும்னு பார்க்கணும். (தங்க பஸ்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!)

8/ அதுவரை ஊசிநூலும் ஸ்டேப்ளரும்தான். அதனால ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: குடல் ஆபரேஷன் முடிந்து நாலஞ்சு நாள் கழிச்சு காய்ச்சல், வயிறு உப்பல், கூடும் வலி, படபடப்பு வந்தால், மெடிக்கல் ஷாப் மாத்திரை வேண்டாம். உடனே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்க.