காலி வீட்டுக்கு ஒரு நோட்டீஸ்

வாடகைக்குக் குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போனால், வீட்டுக்காரர் ஏழு நாட்களுக்குள் அரசாங்கத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அரசாங்கத்துக்கு அந்த வீடு தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளும். அதன் பதில் வரும்வரை, அல்லது பதிலுக்கான கெடு முடியும்வரை, வேறொருவருக்கு வாடகைக்கு விடக் கூடாது. வீட்டுக்காரரே குடியேறவும் கூடாது.

இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் எந்த நாட்டுச் சட்டம் என்று கேட்பார்கள். நம் சென்னைச் சட்டம்தான். 1960ஆம் ஆண்டு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தின் 3ஆம் பிரிவு. 1949ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே ஏற்பாடு இருந்தது. நோட்டீஸ் வாங்கும் அதிகாரிக்கு அக்காமடேஷன் கன்ட்ரோலர் என்று பெயர். நம் வயதுக்காரர்கள் சிலருக்காவது அந்தப் பெயர் நினைவிருக்கும்.

அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதைப் பார்க்க வேண்டுமானால் யுத்த காலத்துக்குப் போக வேண்டும்.

1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசாங்கமே அறிவித்தது. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் கூட்டம் அலைமோதியது. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. கிடைத்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டுச் சொந்த ஊருக்குப் போனவர்களும் உண்டு.

பயம் தெளிந்தது, போனவர்கள் திரும்பினார்கள். அவர்களோடு யுத்தகால வேலைகளைத் தேடிப் புதிதாக வந்தவர்களும் சேர்ந்தார்கள். 1941 கணக்கெடுப்பில் சென்னை நகரின் மக்கள்தொகை 7.77 லட்சம், 1951இல் 14.16 லட்சம். 1946இல் சைதாப்பேட்டை போன்ற பகுதிகள் நகரோடு சேர்க்கப்பட்டதும் இதில் அடக்கம். அப்படியிருந்தும் பத்து ஆண்டுகளில் இது பெரிய ஏற்றம். யுத்தத்தில் சிமென்டும் இரும்பும் கிடைக்காததால் புது வீடுகள் அவ்வளவாக எழும்பவில்லை. இருக்கிற வீட்டைத்தான் பங்கிட்டாக வேண்டும்.

அதனால் பிறந்ததுதான் வாடகைக் கட்டுப்பாடு. 1941இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஓர் ஆணையாகத் தொடங்கியது. 1946இல் சட்டமானது, 1949இலும் 1960இலும் புதுப்பிக்கப்பட்டது. நியாய வாடகையைக் கணக்கிட, 1940 ஏப்ரலுக்கு முந்தைய 12 மாதங்களில் நிலவிய வாடகையை அடிப்படையாக வைத்தார்கள். சரியான காரணம் இல்லாமல் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது. காலி வீட்டை மறைக்கவும் முடியாது. மாத வாடகை 25 ரூபாய்க்கு மேற்படாத சிறு குடித்தனங்களுக்கு மட்டும் நோட்டீஸ் வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தார்கள்.

காலி வீடு உடைமையாளரின் சொந்த விஷயம் மட்டுமல்ல, ஊரில் பலர் இடமில்லாமல் தவிக்கும்போது அது பொதுவிஷயமும்கூட என்று ஒரு சட்டம் சொன்னது. அந்த நினைப்பு எனக்குப் பிடித்தமானது. இப்படி எடுத்த வீடுகள் பெரும்பாலும் மாற்றலாகி வந்த அரசு ஊழியர்களுக்கே போயின, ஏழைகளுக்கு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் சட்டம் ஒன்றை மறந்தது. வீடு என்பது ஒரு தடவை கட்டிவிட்டால் தீர்ந்துபோகிற காரியம் அல்ல. மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும், மெட்ராஸ் டெரஸ் ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். பழைய வாடகை அப்படியே நிற்க, கூலியும் சாமானும் ஏறிக்கொண்டே போயின. பழுது பார்க்க வீட்டுக்காரருக்கு மனமில்லை. பலருக்குப் பணமும் இல்லை.

1970களின் தொடக்கத்தில் நான் திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டிக்குடித்தனத்தில் இருந்தேன். ஆறு போர்ஷன், ஒரு கிணறு, இரண்டு கழிப்பறை. மாடியில் ஒரு போர்ஷன் மட்டும் பூட்டியே கிடந்தது. ஏன் என்று வீட்டுக்கார மாமியிடம் கேட்டேன். “விட்டா திரும்பி வராதுப்பா. பூட்டினா சாவியாவது என்கிட்ட இருக்கும்” என்றார். அந்த மாமி பணக்காரர் அல்ல. விதவை. ஐந்து போர்ஷன் வாடகையில் ஜீவனம் நடத்தியவர்.

இப்படி, காலி வீட்டைத் திறக்க வந்த சட்டமே சில வீடுகளைப் பூட்டவும் வைத்தது. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. பழைய வீட்டுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. வாடகை சட்டப்படி, பகடி மேஜைக்கடியில். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டத்தின்படி, ஓர் அரையாண்டில் வீடு 30 நாளோ அதற்கு மேலோ காலியாகக் கிடந்தால் சொத்து வரியில் பாதிவரை தள்ளுபடி கேட்க முடிந்தது. ஒரு சட்டம் காலி வீட்டைப் பிடிக்க வந்தது. இன்னொன்று அதற்கு வரிச் சலுகை கொடுத்தது.

இன்னொரு பக்கம் அரசாங்கமே வீடு கட்டவும் செய்தது. 1920களில் மாம்பலம் ஏரியை மேடாக்கித் தியாகராய நகர் உருவானது. நந்தனம் பக்கத்து சி.ஐ.டி. நகர் என்ற பெயர், சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற பழைய அமைப்பின் ஞாபகம். 1961இல் அதன் இடத்தில் வீட்டு வசதி வாரியம் வந்தது. அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் எல்லாம் அதன் கைவேலை. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கட்டடத்தின் தரத்தைப் பற்றிக் குறை சொல்லலாம். இடத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. மீன் விற்றவர் அதே சந்தையில் விற்றார். பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மளிகைக் கடைக் கணக்கு அதே கடையில் தொடர்ந்தது.

2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான குடியிருப்புகள் நகருக்கு வெளியே வந்தன. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால் போனார்கள். அரசு செலவழித்தது பெருந்தொகை. ஆனால் வேலை நகரத்தில், வீடு வெளியே. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்குப் போனது. சிலர் வேலையையே விட்டார்கள். பொதுப் பணத்தை எவ்வளவு செலவழித்தோம் என்பதோடு, எங்கே செலவழித்தோம் என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பக்கத்துக் கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் இதை வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டு வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் கருத்தைப் பிடித்துக்கொண்டவர் அவர். செங்கல், சுண்ணாம்பு, உள்ளூர் ஆளின் கைவேலை என்று போனால், வீட்டுக்கான பணம் அந்த ஊரிலேயே சூளைக்காரருக்கும் கொத்தனாருக்கும் சேரும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு புது வீட்டைவிடப் பழைய வீட்டுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். பூட்டிய வீட்டைப் பழுது பார்ப்பதில் பெரிய யந்திரத்துக்கும் வெளியூர்க் கம்பெனிக்கும் வேலை குறைவு. தச்சர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் ஆகியோருக்குத்தான் வேலை.

2011 கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் 1.11 கோடி. 2012இல் மத்திய அரசின் நிபுணர் குழு மதிப்பிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி. அந்தப் பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கு மேல் ஏழைகளும் குறைந்த வருமானக்காரர்களும். முக்கால்வாசிக்கு மேல், வீடே இல்லாதவர்கள் அல்ல. ஒரே அறையில் நெருக்கியடித்து வாழ்பவர்கள். காலி வீடுகள் எல்லாம் அவர்களுக்கு ஏற்ற வாடகையில் இல்லை என்பது உண்மை. ஆனாலும் இந்த இரண்டு எண்களும் ஒரே நாட்டில், ஒரே நேரத்தில் இருந்தன.

1960ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் விடைபெற்றது. அதன் இடத்தில் வந்த புதுச் சட்டம் எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கேட்கிறது. பூட்டிய வீட்டைப் பற்றி நோட்டீஸ் எதுவும் கேட்பதில்லை. நம் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்க, எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன?

பழைய நோட்டீஸ் மறுபடி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாவியைப் பறிக்கப் போனால் மாமிகள் பூட்டிக்கொள்வார்கள். பழுது பார்க்க நகராட்சி கடன் கொடுக்கட்டும். அதற்கு ஈடாக ஐந்து வருஷத்துக்கு நியாயமான வாடகைக்கு விட வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளட்டும். கெடு முடிந்ததும் வீடு திரும்பி வரும் என்று நகராட்சியே பொறுப்பேற்கட்டும். அப்போது வாடகைக்காரருக்கு வேலைக்குப் பக்கத்தில் கூரை கிடைக்கும், ஊர்ப் பணம் ஊரிலேயே சுற்றும். அன்றைய சட்டம் காலி வீட்டைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தது. வீட்டுக்காரரின் பயத்தைப் போக்க அதற்குத் தெரியவில்லை. இனி எழுதப்போகிற சட்டத்துக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.