குவளைவரை வந்த சட்டம்

திருமங்கலத்தைத் தாண்டி விருதுநகர் போகும் நான்குவழிச் சாலையில் எந்த ஓட்டலில் இறங்கிப் புரோட்டா கேட்டாலும் நாம் எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் விசாரிப்பதில்லை. அதே சாலையிலிருந்து பிரிந்து நாலு கிலோமீட்டர் உள்ளே போனால், டீக்கடைக்காரருக்கு நம் தாத்தா பெயர்வரை தெரிந்திருக்கும். ஓட்டல், சுற்றுலாத் தொழில்களுக்கான சட்டங்களைக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறவர்கள் முதல் கடையை மனத்தில் வைத்தே நடத்துகிறார்கள். அந்தச் சட்ட வரலாற்றை நாம் இரண்டாவது கடையின் வாசலில் நின்று படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சட்டத்தின் பழைய வேர் ஆங்கிலேயரின் பொதுச் சட்டத்தில் இருக்கிறது. விடுதி நடத்துபவர், இடம் இருந்தால், பணம் கொடுக்கத் தயாராக வரும் எந்த வழிப்போக்கரையும் மறுக்கக் கூடாது என்பது அதன் விதி. 1943இல் மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனை அவருடைய நிறத்துக்காக லண்டனின் இம்பீரியல் ஓட்டல் தங்கவிட மறுத்தது. அவர் இந்த விதியை வைத்தே வழக்குத் தொடுத்து மறு ஆண்டு வென்றார். கிடைத்த இழப்பீடு வெறும் ஐந்து கினி. ஆனால் அந்த விதி காப்பாற்றியது வழிப்போக்கரை மட்டுமே. 1877இல் ரைமர் வழக்கில், விடுதிக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர் வழிப்போக்கர் ஆகமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். அந்நியருக்குக் கதவு திறக்கும் சட்டம் அது. அக்கம்பக்கத்தாருக்கு அதில் இடமில்லை.

சாதியோ நேர் எதிராக இயங்குகிறது. அறியாதவரை அது உள்ளே விட்டுவிடும், அறிந்த பிறகு வெளியே தள்ளும். 1917இல் பரோடாவில் அண்ணலுக்கு நடந்தது அதுதான். இந்து ஓட்டல்களில் இடம் கிடைக்காது என்று தெரிந்து, ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. கொலம்பியாவில் படித்துத் திரும்பியவருக்கு அந்த ஊரில் தலைசாய்க்க ஓர் அறை இல்லை. விடுதியிலிருந்து துரத்தப்பட்ட அந்த மனிதர்தான் பின்னாளில் அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார் என்பதை, ஓட்டல் சட்டம் பேசும் எந்தப் பாடநூலும் முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நம் பக்கத்து வரலாறும் இதைவிட மேலானதல்ல. சத்திரங்கள் பலவற்றில் சோறு பிராமணர்களுக்கே. தென்னிந்திய ரயில்வேயின் நிலைய உணவகங்களில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்த வழக்கம் 1941இல்தான் ஒழிந்தது. 'பிராமணாள்' பெயர்ப்பலகைக்கு எதிராகப் பெரியார் இயக்கம் 1957இல்கூடத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு போராட வேண்டியிருந்தது. அந்த 'மற்றவர்' என்ற சொல்லுக்குள் நம்மவர் இருந்தார்களா என்பது தனிக் கேள்வி.

சென்னை மாகாணத்தில் 1938இலேயே, எம்.சி. ராஜா கொண்டுவந்த சிவில் தடைகள் நீக்கச் சட்டம், பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இடங்களில் பாகுபாடு காட்டுவதைக் குற்றமாக்கியது. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்புச் சபை, இன்றைய 15, 17 ஆகிய உறுப்புகளை ஏற்றது. 15(2) கடை, பொது உணவகம், ஓட்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 'கடை' என்றால் உள்ளே நுழைவது மட்டுமல்ல, அங்கே தரப்படும் சேவையைப் பெறுவதும்தான் என்று விவாதத்தில் அம்பேத்கர் விளக்கினார்.

ஆனால் நம் ஊர் டீக்கடையைச் சரியாக அடையாளம் கண்டது 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். 'ஓட்டல்' என்பதற்குள் காபிக் கடையையும் அது சேர்த்தது. அதன் 4ஆம் பிரிவு நுழைவோடு நிற்காமல், பொது உணவகத்திலும் சத்திரத்திலும் பொதுமக்களுக்கென வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் குற்றம் என்றது. அதாவது, சட்டம் குவளைவரை வந்துவிட்டது. 6ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. மற்றவருக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் விற்க மறுப்பது குற்றம். பெஞ்சில் உட்காரவிடாமல் தரையில் குந்தவைத்து டீ கொடுப்பது 'அதே இடம்' ஆகாது. ஆணியில் மாட்டிய அலுமினியக் குவளையைக் குடித்தவரே கழுவிவைப்பதும், சிரட்டையில் ஊற்றுவதும் 'அதே நிபந்தனை' ஆகா.

சட்டம் வந்ததால் குவளை மாறிவிடவில்லை. இரட்டைக் குவளைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிய இம்மானுவேல் சேகரனார் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் படுகொலை செய்யப்பட்டார். சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு குவளைக்கு இவ்வளவு விலையா என்று கேட்பவர்கள், குவளையோடு பெஞ்சும், பெஞ்சோடு தெருவும், தெருவோடு கூலியும் பிணைந்திருப்பதைப் பார்ப்பதில்லை.

இப்போது பல கடைகளில் காகிதக் கப் வந்துவிட்டது. எல்லோருக்கும் காகிதக் கப் என்றால் நமக்கு ஆட்சேபம் இல்லை. கண்ணாடிக் கிளாஸ் சிலருக்கும் கப் சிலருக்கும் என்றால், அது குடித்ததும் குப்பைக்குப் போகும் இரண்டாவது குவளை, அவ்வளவுதான். தடயமும் மிஞ்சாது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. கப்பின் உள்பூச்சைச் சோதிக்க அதிகாரி வருகிறார். அது யார் கைக்குப் போகிறது என்று பார்க்க யாரும் வருவதில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தரும் உரிமமும் தண்ணீர், சமையலறை, பாத்திரம் கழுவும் முறை என்று எல்லாம் கேட்கும், இதை மட்டும் கேட்காது.

2016 ஜனவரி 26 முதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இது சேர்ந்திருக்கிறது. பொது இடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை. நம் தோழர்கள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தையே கையில் எடுக்கிறார்கள், அது சரிதான். ஆனால் 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய அந்தப் பழைய சட்டத்தில் நாம் மறந்துவிட்ட ஒரு பிரிவு இருக்கிறது. 6ஆம் பிரிவில் தண்டனை பெற்றவர் அந்தத் தொழிலுக்கு உரிமம் வைத்திருந்தால், அதை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது 8ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அச்செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. கடைக்காரருக்குச் சில நாள் சிறையைவிடக் கடை மூடுவது பெரிய அடி என்பதைக் கிராமத்தில் வாழ்ந்த எவரும் அறிவர்.

ஆகவே அடுத்த முறை புகார் எழுதும்போது கிளாஸ் எத்தனை, கப் எத்தனை, யாருக்கு எது, பெஞ்சில் யார், தரையில் யார், மணி என்ன என்று எழுதுங்கள். கடையின் உரிம எண்ணையும் சேருங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும்.