இறப்பரும் அரிசியும்: ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் ஓர் அத்தியாயம்

அரசின் அநுமதிப் பத்திரமின்றிச் சில பண்டங்களைக் கப்பலேற்றலாகாது என விதிப்பது இலங்கைக்குப் புதியதன்று. 1922 நவம்பர் தொடக்கம் 1928 வரை, ஸ்டீவன்சன் திட்டத்தின்படி, இலங்கையிலும் மலாயாவிலும் இறப்பர் ஏற்றுமதி அளவிட்டே அநுமதிக்கப்பட்டது. விலையை உயர்த்துதலே அன்றைய நோக்கம். ஒல்லாந்தரின் ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகள் அதிற் சேரவில்லை. கட்டுப்பாட்டினால் உயர்ந்த விலையின் பயனை அத்தீவுகளும் பெற்றன. திட்டம் நிலைக்காமைக்கு இது தலையாய காரணமாயிற்று.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் அதே கருவி வேறொரு நோக்கத்திற் பயன்படலாயிற்று. பகைவர்க்குப் பொருள் சேராது தடுத்தலே அந்நோக்கம். அமெரிக்கா 1949 இல் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. அந்நாடும் அதன் மேற்கைரோப்பிய நேச நாடுகளும் பாரிசிற் கூடி, கம்யூனிச நாடுகளுக்கு அனுப்பலாகாத பொருள்களுக்குப் பட்டியல் வகுத்தன. கோகொம் எனப்பட்ட இக்குழு எவ்வித உடன்படிக்கையின் மீதும் நிறுவப்பட்டதன்று. பத்திரம் வழங்குவதும் மறுப்பதும் அவ்வவ் வரசின் சொந்தச் சட்டப்படியே நிகழ்ந்தன.

கொரிய யுத்தத்திற் சீனம் இறங்கியபின், 1951 மே 18 இல், ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. படைக்கலம், பெற்றோலியம், அணுசக்திப் பொருள் முதலியவற்றைச் சீனத்துக்கு அனுப்பலாகாது என்று அது விதந்துரைத்தது. இறப்பர் என்னும் சொல் அதில் இல்லை. படைக்கல உற்பத்திக்கு உதவும் பொருள்கள் என்னும் பொதுத் தொடரே உண்டு. தன் நாட்டிலிருந்து செல்லும் பண்டங்களுள் எவை அத்தொடரினுள் அடங்கும் என்பதை ஒவ்வோர் அரசும் தானே துணியவேண்டும் என்றும் கூறப்பட்டது. இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். இலங்கை தடையை மீறிற்று என்று எழுதுவோர் இப்பகுதியைப் படித்திலர் போலும். அன்றியும், 1955 டிசம்பர் வரை இலங்கை அச்சபையில் அங்கத்துவமே பெற்றிருக்கவில்லை.

எனினும், உண்மையான நெருக்குதல் நியூயோர்க்கிலிருந்தன்று, வாஷிங்டனிலிருந்தே வந்தது. 1951 ஒக்டோபரில் இயற்றப்பட்ட பற்றில் சட்டம், யுத்தத்துக்கு உதவும் பொருளைக் கம்யூனிச நாடுகளுக்கு விற்கும் நாடு அமெரிக்க உதவியை இழக்க வழிவகுத்தது.

அவ்வேளையில் இலங்கையின் நிலை இரங்கத்தக்கது. கொரிய யுத்தத்தால் ஏறிய இறப்பர் விலை 1952 இல் வீழ்ந்துகிடந்தது. அரிசியோ கிடைத்தற்கரிதாய் விலையேறி நின்றது. உலகச் சந்தை விலைக்கு மேலாக இறப்பருக்குக் கொடுக்க அமெரிக்கா இசையவில்லை, சீனம் இசைந்தது. வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்க பீக்கிங் சென்றார். 1952 டிசம்பர் 18 இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் சீனம் 2,70,000 மெற்றிக் தொன் அரிசியும், இலங்கை 50,000 மெற்றிக் தொன் இறப்பரும் தருவதென முடிவாயிற்று. இரு நாடுகளுக்குமிடையே தூதரக உறவு ஏற்பட்டது 1957 இலேயே என்பதும் நினைக்கத்தக்கது.

இதனைக் கொள்கை வீரமாகப் புனைந்துரைப்பார் உளர். கணக்கேடே முதற்காரணம் என்பது எம் கருத்து. கம்யூனிசத்தைக் கடிந்துரைப்பதிற் பின்னிற்காத சேர் ஜோன் கொத்தலாவலை 1953 முதல் 1956 வரை பிரதம மந்திரியாயிருந்தபோதும் ஒப்பந்தம் குலையவில்லை. இன்னொன்றும் கூறவேண்டும். சீன அரிசியை வாங்க ஒப்பந்தம் செய்த அரசே 1953 இல் அரிசி மானியத்தைக் குறைத்துப் பங்கீட்டரிசியின் விலையை ஏற்றியது. ஒகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்தது. இரண்டு மாதங்களின் பின் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசி கிடைப்பது வேறு, அது ஏழையின் கைக்கு எட்டுவது வேறு.

அமெரிக்க உதவி 1956 வரை இலங்கைக்குக் கிட்டவில்லை. அடுத்த ஆண்டிற் பிரித்தானியாவே, சீனத்துக்கெனத் தனியே வகுக்கப்பட்டிருந்த கடும் பட்டியலைக் கைவிட்டது. இறப்பர்-அரிசி ஒப்பந்தமோ மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நின்றது. கோகொம் 1994 இற் கலைந்தது.